பழைய படகில் தண்ணி கசியுதா? அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஓட்டையைக் கண்டுபிடிங்க

செகண்ட் ஹேண்ட் பைக், கார், வீடு பத்தி நம்ம சேனல்ல நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு கடற்கரை ஊர்கள்ல இருக்கிறவங்களுக்கான ஒரு விஷயம். பழைய ஃபைபர் படகு வாங்குறது.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையில ஃபைபர் படகுகள் வேகமா பெருகுச்சு. அந்தக் காலத்துப் படகுகளுக்கு இப்ப 20 வயசு. கை மாறி, பெயிண்ட் மாறி, இன்ஜின் மாறி இன்னும் விற்பனைக்கு வருது. புதுப் படகுக்குப் பணம் பத்தாதவங்க நகையை அடகு வச்சோ, வட்டிக்கு வாங்கியோ இந்தப் படகுகளைத்தான் எடுக்கிறாங்க. படகு நின்னா வருமானம் நின்னுடும். வட்டி மட்டும் நிக்காது.

இப்படி ஒரு படகைப் பார்க்கப் போறீங்க. உள்ளே கொஞ்சம் தண்ணி நிக்குது. கேட்டா, "அது ஒண்ணுமில்லண்ணே, மழைத் தண்ணி. இல்லன்னா லேசா ஒரு கசிவு இருக்கும், ரெண்டாயிரம் ரூபாய்ல முடிஞ்சிடும்"னு சொல்வாங்க. அவர் சொல்றது உண்மையாவும் இருக்கலாம். அதே தண்ணி, படகோட பாதி விலையை முழுங்குற வேலைக்கு அறிகுறியாவும் இருக்கலாம். பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால இன்னைக்கு சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். எங்கிருந்து கசியுதுன்னு தெரியாத வரைக்கும் அந்தப் படகுக்கு நீங்க விலை பேச முடியாது. அதைக் கண்டுபிடிக்க என்ன பண்ணணும், அதை எப்படி ரூபாய்க் கணக்கா மாத்தணும்னு வரிசையா பார்க்கலாம்.

தண்ணி நிக்கிற இடமும் ஓட்டை இருக்கிற இடமும் வேற

வீட்டுல மழைக்காலத்துல சீலிங்ல ஒரு இடம் ஈரமாகும். மொட்டைமாடியில போய்ப் பார்த்தா நேர் மேல விரிசல் இருக்காது. நாலடி தள்ளி இருக்கும். படகிலயும் அதே கதைதான். எங்க நுழைஞ்சாலும் தண்ணி தாழ்ந்த இடத்துக்கு ஓடும். பெரும்பாலும் அது இன்ஜின் இருக்கிற பின்பக்கம். அதனால பின்பக்கம் தண்ணி நிக்குதுன்னு பின்பக்கத்தையே பிரிச்சு வேலை பார்ப்பாங்க. உண்மையான விரிசல் அணியத்துக்குப் பக்கத்துல இருக்கும்.

இங்கதான் பணம் வீணாகுது. சந்தேகப்பட்ட இடத்தையெல்லாம் அடைக்கிறது கண்டுபிடிக்கிறது ஆகாது. கீழே இருக்கிற நாலு கேள்விக்கும் பதில் எடுத்துட்டு அப்புறம் அடைக்கிறதைப் பத்தி யோசிங்க.

கேள்வி 1: எவ்வளவு வருது?

"லேசா", "கொஞ்சம்"னு சொல்றதெல்லாம் அளவே இல்ல. லிட்டர்ல எடுங்க.

படகை அலை இல்லாத இடத்துல மிதக்க விடச் சொல்லுங்க. உள்ளே இருக்கிற தண்ணியை முழுசா இறைச்சு, துணியால துடைச்சுடுங்க. மணி பார்த்து எழுதி வைங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு, வந்திருக்கிற தண்ணியை அளவு தெரிஞ்ச பக்கெட்ல இறைச்சு எண்ணுங்க. ரெண்டு மணி நேரத்துல 10 லிட்டர்னா, மணிக்கு 5 லிட்டர். அவ்வளவுதான்.

ஒரு சின்ன ஓட்டை எவ்வளவு தண்ணி விடும்னு பல பேருக்குத் தெரியாது. தண்ணி மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே, 1 செ.மீ. விட்டத்துல ஒரே ஒரு ஓட்டை இருந்தா போதும். மணிக்குச் சுமார் 400 லிட்டர் உள்ளே வரும். 20 லிட்டர் பக்கெட்ல இறைச்சா, மூணு நிமிஷத்துக்கு ஒரு பக்கெட். கடல்ல வலை இழுத்துக்கிட்டே இதைச் செய்ய முடியுமா? ஓட்டை இன்னும் ஆழத்துல இருந்தா இன்னும் வேகமா வரும்.

மாறா, வினாடிக்கு ஒரு சொட்டுன்னு விழுந்தா ஒரு நாள் முழுக்க 4, 5 லிட்டர்தான் சேரும். ரெண்டுக்கும் பேர் கசிவுதான். ஆனா ரெண்டும் வேற வேற பிரச்சினை.

இங்க ஒரு எச்சரிக்கை. படகில ஆட்டோமேட்டிக் பம்ப் இருந்தா முதல்ல அதை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. பம்ப் ஓடிக்கிட்டே இருந்தா எந்தப் படகும் உள்ளே காய்ஞ்சுதான் இருக்கும். நீங்க வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி இறைச்சு வச்ச படகும் அப்படித்தான் இருக்கும்.

கேள்வி 2: அது என்ன தண்ணி?

மழைத் தண்ணியா, ஐஸ் உருகின தண்ணியா, கடல் தண்ணியா? கண்டுபிடிக்க லேப் தேவையில்ல. ஒரு எவர்சில்வர் தட்டுல கொஞ்சம் ஊத்தி வெயில்ல வைங்க. காய்ஞ்ச பிறகு வெள்ளையா உப்பு படிஞ்சா, கடல் தண்ணி கலந்திருக்கு. ஒண்ணும் பெருசா படியலைன்னா மழைத் தண்ணியா இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனா ஏற்கனவே உப்பு படிஞ்ச படகுக்குள்ள மழை பெய்ஞ்சாலும் கொஞ்சம் உப்பு காட்டும். அதனால சந்தேகமா இருந்தா, உள்ளே நல்ல தண்ணி விட்டுக் கழுவி, துடைச்சு, மறுபடி மிதக்க விட்டு அப்புறம் சேர்ற தண்ணியை எடுத்துப் பாருங்க. வாயில வச்சு ருசி பார்க்காதீங்க. டீசலும் அழுகின மீன் தண்ணியும் அதுலதான் கலந்திருக்கும்.

நல்ல தண்ணின்னு உறுதியாச்சுன்னா, மீன் அறையோட உள் பூச்சையும், மேல்தட்டு மூடிகளையும், ஆணி போட்ட இடங்களையும் பாருங்க. படகோட அடிப்பாகத்தைத் தொட வேண்டிய அவசியமே வராம போகலாம். இந்த ஒரு தட்டு டெஸ்ட் ஒரு பெரிய செலவை மிச்சப்படுத்தலாம்.

கேள்வி 3: எப்ப வருது?

இதை விற்கிறவர்கிட்ட கேட்கலாம். ஆனா நீங்களே சோதிச்சுப் பார்க்கிறதுதான் நல்லது.

• *சும்மா நிக்கும்போதே வருதுன்னா*, ஓட்டை தண்ணி மட்டத்துக்குக் கீழ நிரந்தரமா இருக்கு. ஏரா, அடிப்பாகம், தண்ணி வெளியேத்துற துளையோட அடைப்பான், இதுல ஒண்ணா இருக்கலாம்.

• *ஆள் ஏறினா, பாரம் ஏறினா மட்டும் வருதுன்னா*, ஓட்டை பக்கவாட்டுல, வெறும் படகோட தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கு. காலிப் படகை மட்டும் மிதக்க விட்டுக் காட்டுனா இது தெரியவே தெரியாது. மண் மூட்டையோ ஏழெட்டு ஆளையோ ஏத்திப் பாருங்க. எட்டுப் பேர்னா கிட்டத்தட்ட 500 கிலோ பாரம். மீனும் வலையும் ஐஸும் ஏறினா இதைவிட அதிகமாவே இருக்கும்.

• *இன்ஜின் ஓடும்போது மட்டும் வருதுன்னா*, குளிர்விக்கிற தண்ணி போற ஹோஸ், கிளிப், பம்ப்பைப் பாருங்க. உள்ளே பொருத்துற இன்ஜின்னா, புரொப்பல்லர் தண்டு வெளிய போற இடத்துல இருக்கிற கிளாண்ட் பேக்கிங்கையும் பாருங்க. பழைய முறை பேக்கிங்கா இருந்தா தண்டு சுத்தும்போது சில சொட்டு விழுறது சகஜம். அதை நிறுத்துறேன்னு இறுக்கி முறுக்கினா தண்டு சூடாகித் தேஞ்சுடும்.

• *வேகமா போகும்போது, அலையில அடிக்கும்போது மட்டும் வருதுன்னா*, ஜாக்கிரதை. நிக்கும்போது மூடியிருக்கிற விரிசல், படகோட உடம்பு வளையும்போது திறக்குதுன்னு அர்த்தமா இருக்கலாம். இது அடைச்சா முடியுற வேலை இல்ல. பலம் சேர்க்கிற வேலை.

• *மழைக்குப் பிறகு மட்டும் வருதுன்னா*, மேல்தட்டைப் பாருங்க.

கேள்வி 4: எங்கிருந்து வருது?

மேல இருக்கிற மூணு பதிலும் சேர்ந்தா, தேட வேண்டிய இடம் கால்வாசியா குறைஞ்சிருக்கும். இப்ப நேரடியா தேடலாம். மூணு வழி இருக்கு.

*முதல் வழி, அறை அறையா பிரிக்கிறது.* படகுக்குள்ள குறுக்குச் சட்டங்கள் இருக்கும். தண்ணி ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் ஓட, அதோட அடியில சின்னத் துளைகள் விட்டிருப்பாங்க. எல்லாத்தையும் துடைச்சுக் காய வச்சுட்டு, அந்தத் துளைகளைக் களிமண்ணாலயோ துணியாலயோ அடைச்சுடுங்க. அப்புறம் மிதக்க விட்டுக் காத்திருங்க. எந்த அறையில முதல்ல ஈரம் தெரியுதோ, ஓட்டை அங்கதான். பத்து அறையில ஒண்ணா சுருக்கியாச்சு. சந்தேகமான மூலைகள்ல கோலமாவைத் தூவி விட்டா, தண்ணி ஓடின தடம் கோடு போட்ட மாதிரி தெரியும்.

*இரண்டாவது வழி, கரையில வச்சு உள்ளே தண்ணி ஊத்துறது.* வெளியில இருந்து உள்ளே வர்ற தண்ணி, உள்ளே இருந்து வெளியேயும் போகும். படகோட வெளிப்பக்கத்தை நல்லா காய வச்சு, உள்ளே துணிக்குப் போடுற நீலம் கலந்த தண்ணியை ஊத்துங்க. வெளியே எங்க நீலமா சொட்டுதோ அங்க மார்க் பண்ணுங்க.

இதுல ஒரு ஆபத்து இருக்கு. தண்ணியோட எடையை யாரும் யோசிக்கிறதில்ல. 8 மீட்டர் நீளம், சராசரி 1.5 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் ஊத்தினா 1,200 லிட்டர். அதாவது 1.2 டன். ரெண்டு கட்டை மேல நிக்கிற படகுல இதை ஊத்தினா, இல்லாத விரிசலை நீங்களே உண்டாக்குவீங்க. படகை மணல்ல நல்லா படிய வச்சு, ஒவ்வொரு அறையா, கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. அடிப்பாகம் மணல்ல மறைஞ்சிருக்கும்ங்கிறதால, ஒரு பக்கம் முடிஞ்சதும் தண்ணியை எடுத்துட்டு, மறுபக்கம் சாய்ச்சுப் பாருங்க.

*மூணாவது வழி, சோப்பு நுரை.* முழுக்க மூடின காத்தறைகளுக்கு இது சரியான வழி. உள்ளே கையால அடிக்கிற பம்ப்ல மெதுவா காத்து கொடுத்து, வெளியே சோப்புத் தண்ணி தடவினா, ஓட்டை இருக்கிற இடத்துல குமிழ் வரும். பஞ்சர் கடையில பார்த்திருப்பீங்களே, அதேதான். கம்ப்ரஸர் வேண்டாம். அந்த அழுத்தத்துல ஒட்டின இடமே பிரிஞ்சிடும்.

ஃபைபர் படகுல முதல்ல பார்க்க வேண்டிய நாலு இடம்

*ஏரா.* அடியில நடுவா நீளமா ஓடுற முதுகெலும்பு மாதிரியான பகுதி. தினமும் மணல்ல இழுத்துக் கரையேத்துற படகுல முதல்ல தேயுறது இதுதான். பெயிண்ட் போய், வெள்ளையா நூல் நூலா கண்ணாடி இழை தெரிஞ்சா, தண்ணி அதுக்குள்ள ஏற ஆரம்பிச்சாச்சு.

*இன்ஜின் மாட்டுற பின்பக்கச் சுவர்.* டிரான்சம்னு சொல்வாங்க. பல படகுல இதுக்குள்ள பிளைவுட் இருக்கும். இன்ஜின் போல்ட் துளை வழியா தண்ணி இறங்கினா, வெளிய ஃபைபர் பளபளன்னு இருக்க, உள்ளே மரம் உளுத்துப் போயிருக்கும். இன்ஜினைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. சுவரே அசைஞ்சா, போல்ட்டை இறுக்கிப் பிரயோஜனம் இல்ல.

*மேல்தட்டும் உடம்பும் சேர்ற விளிம்பு.* துறையில பக்கத்துப் படகு இடிச்சு இடிச்சு இந்த இணைப்பு விடும்.

*பழைய ஒட்டு.* பெயிண்ட் ஒரு இடத்துல மட்டும் புதுசா இருந்தாலோ, எம்-சீல் மாதிரி பசை தடவியிருந்தாலோ, யாரோ ஏற்கனவே இதே ஓட்டையைத் தேடியிருக்காங்கன்னு அர்த்தம். அது எப்ப, எதுக்குப் போட்டதுன்னு கேளுங்க.

கூடவே ஒரு காசு எடுத்து உடம்பு முழுக்கத் தட்டிக்கிட்டே வாங்க. நல்ல இடத்துல கணீர்னு கேக்கும். அடுக்கு பிரிஞ்ச இடத்துல மொத்தையா கேக்கும். அந்த இடத்தை சாக்பீஸ்ல வட்டம் போடுங்க.

மரப் படகா? கொஞ்சம் பொறுமை

மரப் படகு ரொம்ப நாள் கரையில கிடந்தா பலகை காய்ஞ்சு சுருங்கும். தண்ணியில விட்ட உடனே இடுக்கு வழியா உள்ளே வரும். ரெண்டு மூணு நாள்ல பலகை ஊறி உப்பி, பல இடுக்கு தானா மூடிக்கும். அதனால முதல் நாள் தண்ணியைப் பார்த்துப் பயந்து ஓடவும் வேண்டாம், "ஊறினா சரியாகிடும்"ங்கிற பேச்சை அப்படியே நம்பவும் வேண்டாம். ஊற விட்டு, பிறகு லிட்டர் கணக்கு எடுங்க. அப்பவும் வந்தா கலப்பத்து வேலையா, பலகை மாத்துற வேலையான்னு தச்சரைக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. ஃபைபர் படகு ஊறியெல்லாம் சரியாகாது. அதுக்கு யாராவது இந்தக் காரணம் சொன்னா ஏத்துக்காதீங்க.

இப்ப பணக் கணக்கு

கீழே இருக்கிற தொகைகள் எல்லாம் உதாரணத்துக்கு மட்டும். உங்க ஊர் கூலியையும் விலையையும் போட்டுப் பாருங்க.

விற்கிறவர் கேட்கிறது 2,50,000 ரூபாய். ஒரு நாள் படகு நின்னா உங்களுக்கு நிகர இழப்பு 2,000 ரூபாய்னு வச்சுக்குவோம்.

*தேடாம அடைச்சா:* ஒவ்வொரு தடவையும் கூலி, பொருள் 6,000. மூணு நாள் நிக்குறதுக்கு 6,000. ஆக 12,000. ரெண்டு தடவை தப்பான இடத்தை அடைச்சா 24,000 போச்சு. ஓட்டை இன்னும் அப்படியேதான் இருக்கு.

*தேடிட்டு அடைச்சா:* ஒரு நாள் சோதனைக்கு ஆள் கூலி, பொருள், வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து 3,000. அப்புறம் சரியான இடத்துல ஒரே தடவை 12,000. ஆக 15,000.

வாங்குறதுக்கு முன்னாடியே தேடினா இன்னொரு லாபம் இருக்கு. அந்தச் செலவை விலையில கழிக்கலாம். சூத்திரம் சிம்பிள்:

நீங்க கொடுக்கக்கூடிய விலை = நல்ல நிலையில அதே மாதிரி படகோட விலை − ரிப்பேர் செலவு − (நிக்கிற நாள் × ஒரு நாள் இழப்பு)

நல்ல நிலைப் படகு 2,50,000. ஏராவுக்குப் புது லேமினேஷன் 25,000. காய வச்சு வேலை முடிய 10 நாள்னா 20,000. அப்ப உங்க விலை 2,05,000. "கொஞ்சம் குறைச்சுக் கொடுங்கண்ணே"ன்னு கேட்கிறதுக்கும், சாக்பீஸ் வட்டத்தைக் காட்டி 45,000 ரூபாய்க்கு கணக்கு சொல்றதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

அந்த 10 நாளைச் சும்மா போடலை. ஈரமான ஃபைபர்ல ரெசின் ஒட்டாது. அடிபட்ட இடத்தை நல்லா காய வச்சு, ஓரத்தைச் சரிவாத் தேய்ச்சு எடுத்து, அப்புறம்தான் அடுக்கடுக்கா போடணும். பொதுவா, உடம்போட கனத்தைப் போல 12 மடங்கு தூரத்துக்கு அந்தச் சரிவு இருக்கணும்னு சொல்வாங்க. 6 மி.மீ. கனம்னா சுத்தி 7 செ.மீ. "சாயங்காலம் ஒட்டித் தர்றேன், காலையில கடலுக்குப் போங்க"ன்னு சொன்னா, அது கொஞ்ச நாளைக்கு மட்டும் தாங்குற ஒட்டு.

இதைப் பார்த்தா அட்வான்ஸ் கொடுக்காதீங்க

படகு மூழ்காம இருக்க, மூடின அறைகளுக்குள்ள தெர்மகோலோ ஃபோமோ அடைச்சிருப்பாங்க. அதுக்குள்ள தண்ணி இறங்கிட்டா லேசுல காயாது. நூத்துக்கணக்கான கிலோவை நீங்க தினமும் கடலுக்குச் சுமந்துட்டுப் போய்த் திரும்புவீங்க. டீசல் கூடும், வேகம் குறையும். ஆபத்துல மிதக்க வைக்க வேண்டிய பொருளே பாரமாகிடும். மிதக்கும்போது படகு ஒரு பக்கமா சாயுதா, அதே அளவுள்ள மத்த படகுகளைவிட தாழ்ந்து நிக்குதான்னு பாருங்க.

ஊறின ஃபோம், உளுத்த டிரான்சம், வளையும்போது திறக்குற விரிசல், இந்த மூணுல ரெண்டு சேர்ந்து இருந்தா, விலை எவ்வளவு குறைஞ்சாலும் வேண்டாம். சோதனை பண்ணவே விடலைன்னாலும் அதே பதில்தான்.

பேப்பர்ல என்ன இருக்கணும்?

"பின்னாடி ஏதாவதுன்னா இன்ஷூரன்ஸ் இருக்கே"ன்னு நினைக்காதீங்க. கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 1963 படி, பாலிசியில தனியா சொல்லியிருந்தாலொழிய, சாதாரண தேய்மானத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்ல. மணல்ல தேஞ்ச ஏரா அந்தக் கணக்குலதான் வரும்.

விற்கிறவர் வாய்வார்த்தையும் அப்படித்தான். பொருளைப் பார்த்து வாங்குறது வாங்குறவர் பொறுப்புங்கிறதுதான் 1930-ம் வருஷ சரக்கு விற்பனைச் சட்டத்தோட அடிப்படை. அதனால ஒப்பந்தத்துல ரெண்டு வரி சேருங்க. எந்தத் தேதியில, எத்தனை மணி நேரம் மிதக்க விட்டு, எவ்வளவு தண்ணி வந்தது. தெரிஞ்ச குறைகள் என்னென்ன. முழுப் பணத்தையும் ஒரே நாள்ல கொடுக்காம, பாரத்தோட ஒரு தடவை கடலுக்குப் போய் வந்த பிறகு மீதின்னு பேசுங்க. மீன்வளத்துறைப் பதிவு உங்க பேருக்கு மாறுறதையும் அந்த மீதித் தொகையோட சேர்த்துக் கட்டுங்க.

சுருக்கமா

இறைச்சுத் துடைச்சு மணி பாருங்க. லிட்டர் எண்ணுங்க. தட்டுல காய வச்சு என்ன தண்ணின்னு பாருங்க. பாரம் ஏத்தியும் இன்ஜின் ஓட்டியும் பாருங்க. அறை அறையா பிரிச்சு இடத்தை மார்க் பண்ணுங்க. அதுக்கப்புறம் விலை பேசுங்க. முழுசா ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளை விற்கிறவர் தரலைன்னா, நீங்க அட்வான்ஸ் தராதீங்க.

இதைப் படிக்கிற உங்களுக்குப் படகே தேவைப்படாம இருக்கலாம். ஆனா கடலுக்குப் போற சொந்தக்காரர், நண்பர் யாராவது படகு பார்த்துக்கிட்டு இருந்தா, இதை அனுப்பி வைங்க. அவங்க பணத்துக்கு மட்டும் இல்ல, அந்தப் படகுல ஏறப் போற எல்லாருக்கும் இது தேவை.